பெற்றோரின் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பணம் திரட்டுதல்: எங்கிருந்து தொடங்குவது?

தந்தைக்கோ தாய்க்கோ புற்றுநோய் என்று உறுதியாகும் நாளில் பிள்ளைகளின் முதற்கேள்வி நோயைப் பற்றியது. அதை மருத்துவரிடம் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்வி பணத்தைப் பற்றியது. அதை வெளியே நடைவழியில் நின்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். எங்கள் சமூகப் பணிப் பிரிவுக்கு அவர்கள் வந்து சேர்வதற்குள் பல நேரங்களில் முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. நகை விற்கப்பட்டிருக்கும், அல்லது நிலத்துக்கு முன்பணம் வாங்கப்பட்டிருக்கும்.

டெல்டா மாவட்டத்திலிருந்து வந்த ஒருவர், தாயின் திசுப் பரிசோதனை முடிவு கைக்குக் கிடைத்த அதே வாரத்தில் அரை ஏக்கர் நிலத்தை விற்றுவிட்டார். அவசர விற்பனை என்பதால் உரிய விலை கிடைக்கவில்லை. அறுவைச் சிகிச்சை முடிந்து, கீமோதெரபி நான்காம் சுற்றை எட்டியபோது கையிருப்பு தீர்ந்தது. அதன்பிறகே எங்களிடம் வந்தார். அந்த அம்மையாரின் குடும்ப அட்டையையும் வருமானத்தையும் பார்த்தோம். தொடக்கத்திலிருந்தே அவர் அரசுக் காப்பீட்டுக்குத் தகுதியுடையவராக இருந்திருக்கிறார். ஏற்கெனவே செலுத்திய தொகையைத் திரும்பப் பெற வழியில்லை. முதல் வாரத்திலேயே அவரை நாங்கள் சந்திக்காமல் போனது எங்கள் குறையும்தான்.

ஆகவே, பணம் திரட்டுவதில் எவ்வளவு என்பதைப் போலவே எந்த வரிசையில் என்பதும் முக்கியமானது. முதலில் செய்ய வேண்டியது, செலவு மதிப்பீட்டை எழுத்தில் பெறுவது. புற்றுநோய்ச் செலவு ஒரே நாளில் வருவதன்று. பரிசோதனை, அறுவை, கீமோதெரபி, கதிர்வீச்சு, தொடர் கண்காணிப்பு எனப் பல மாதங்களுக்கு நீள்வது. எந்த மாதத்தில் எந்தச் செலவு வரும் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காப்பீடு, நிவாரண நிதி, கடன் ஆகிய எதற்கு விண்ணப்பித்தாலும் மருத்துவமனை முத்திரையுடன் கூடிய அந்த மதிப்பீட்டைக் கேட்பார்கள்.

அடுத்தது காப்பீடு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கானது. குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு அளிக்கிறது. இதில் பலரும் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. நகரத்தில் சம்பளம் பெறும் மகன், தம் வருமானத்தை எண்ணித் தாய்க்குத் தகுதியில்லை என்று தாமே முடிவு செய்துவிடுகிறார். தாயின் பெயர் யாருடைய குடும்ப அட்டையில் உள்ளது என்பதை முதலில் பாருங்கள். அவர் ஊரில் தனி அட்டையுடன் தனியே வாழ்பவரானால் நிலைமை வேறாக இருக்கலாம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்தில் கேட்டறியலாம். சிகிச்சைக்கு முன் அனுமதி பெற வேண்டும் என்பதை மறவாதீர்கள். முன்பு சொன்ன குடும்பம் இழந்தது இந்த ஒரு படியினால்தான்.

பிள்ளைகளின் பணியிடத்தையும் பாருங்கள். தொழிலாளர் அரசுக் காப்பீடாகிய இ.எஸ்.ஐ., தொழிலாளியைச் சார்ந்து வாழும் பெற்றோரையும் உள்ளடக்கியது. தனியார் நிறுவனங்களின் குழுக் காப்பீடுகளிலும் பெற்றோரைச் சேர்க்கும் வசதி இருப்பதுண்டு. வருங்கால வைப்பு நிதியிலிருந்து பெற்றோரின் சிகிச்சைக்காகப் பணம் எடுக்கலாம். அது உங்கள் சொந்தப் பணம், வட்டியில்லாதது. பிரதமரின் தேசிய நிவாரண நிதியும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு ஒரு பகுதி உதவி வழங்குகிறது.

செலவைக் குறைப்பதும் பணம் திரட்டுவதற்கு ஒப்பானதே. மருந்தின் விலை தாங்க முடியாததாக இருந்தால், மருத்துவரிடம் அதைச் சொல்லத் தயங்க வேண்டாம். மார்பகப் புற்றுநோயில் சிலருக்குத் தரப்படும் டிராஸ்டுசுமாப் மருந்துக்கு ஒப்பான, விலை குறைந்த மருந்துகள் இந்தியாவிலேயே தயாராகின்றன. இரயில் பயணத்தில், புற்றுநோயாளி சிகிச்சைக்குச் செல்லும்போது படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் அவருக்குக் கட்டணமில்லை; உடன்செல்லும் ஒருவருக்கு அவ்வகுப்புகளில் 75 விழுக்காடு சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவர் கையெழுத்திட வேண்டும்.

இவற்றுக்குப் பின்னும் பற்றாக்குறை இருக்குமானால், கடன். நகையை விற்பதைவிட வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வைப்பது மேல், மீட்க வழியிருக்கும். கந்துவட்டி, மீட்டர்வட்டி ஆகியவற்றின் பக்கம் போகாதீர்கள். அவற்றைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதலே உள்ளது. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக் குடும்பங்கள் மொய் விருந்து வைத்துப் பணம் திரட்டுவதைப் பற்றியும் எங்களிடம் கேட்கிறார்கள். அது நல்ல ஏற்பாடுதான். ஆயினும் மொய் என்பது நன்கொடையன்று. நோட்டில் எழுதப்பட்டு, முறை வரும்போது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். அந்த நினைவோடு செய்யலாம்.

இணையத்தின் வழியே பொதுமக்களிடம் உதவி கேட்பது இப்போது பெருகியிருக்கிறது. கேட்பதில் இழிவு எதுவும் இல்லை. ஆனால் தளம் எவ்வளவு கட்டணம் பிடிக்கிறது என்று முன்பே கேளுங்கள். திரளும் தொகை மருத்துவமனையின் கணக்குக்கே நேரடியாகச் சேருமாறு அமைப்பது நல்லது. கொடுப்பவருக்கு அதில் நம்பிக்கை பிறக்கும். மேலும், உறவினரல்லாதோரிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் உங்கள் கணக்கில் பெறும் பணம் வரிக்குரிய வருமானமாகக் கருதப்படக்கூடும். மருத்துவ அறிக்கையை வெளியிடும்போது முகவரி, கைப்பேசி எண், ஆதார் எண் ஆகியவற்றை மறைத்துவிடுங்கள். பெற்றோரின் படத்தை வெளியிடுமுன் அவர்களுடைய சம்மதம் வேண்டும். முடி உதிர்ந்து, குழாய் பொருத்திய நிலையில் தம் முகம் ஊரார் கைப்பேசிகளில் உலவுவதை எல்லாத் தாயும் விரும்பமாட்டார்.

சம்மதம் கேட்க வேண்டுமானால் செலவைப் பற்றி அவர்களிடம் பேசியாக வேண்டும். இதைத்தான் பிள்ளைகள் தவிர்க்கிறார்கள். “அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், மனம் ஒடிந்துவிடுவார்” என்கிறார்கள். அவருக்கு எப்படியும் தெரிந்துவிடுகிறது. மருமகளின் வெறுங்கழுத்தைப் பார்த்து அவரே கணக்குப் போட்டுக்கொள்கிறார். அந்தக் கணக்கு பெரும்பாலும் உண்மையைவிடப் பெரிதாக இருக்கும். பிறகு ஒருநாள், “எனக்கு இப்போது நன்றாகவே இருக்கிறது, அடுத்த ஊசி வேண்டாம்” என்று சொல்லிவிடுகிறார். சிகிச்சையை நடுவில் நிறுத்தியவர்களுள் இப்படிச் சொன்னவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். எவ்வளவு செலவு, அதில் காப்பீடு எவ்வளவு ஏற்கிறது, கடன் எவ்வளவு, அதை யார் எப்போது அடைப்பார் என்று எண்களோடு சொன்னால் அவர்கள் தாங்கிக்கொள்கிறார்கள்.

அவ்வாறு சொல்லப்பட்ட ஒரு பெரியவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அன்று ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறை வரும்போது மஞ்சள் பையில் அஞ்சலகச் சேமிப்புப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து மகளின் மடியில் வைத்தார். பேத்தியின் கல்யாணத்துக்காகப் போட்டு வைத்தது, பாதியை எடுத்துக்கொள்ளலாம் என்றார். கதிர்வீச்சு நாள்களின் பயணச் செலவுக்கும் தங்கும் செலவுக்கும் அது போதுமானதாக இருந்தது.