எந்தப் பள்ளிக் குழு மிகவும் பலவீனமானது? புள்ளிப் பட்டியல் சொல்லாத கணக்கு

மாணவர்களே, ஒரு சிறு புதிர். ஜாசின் மாவட்டத்தில் ஓர் இடைநிலைப்பள்ளிக் காற்பந்துக் குழு மூன்று ஆட்டங்களிலும் தோற்று, 14 கோல்களை விட்டுக்கொடுத்து வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அலோர் காஜா மாவட்டத்தில் இன்னொரு குழுவும் மூன்றிலும் தோற்கிறது; ஆனால் 5 கோல்களை மட்டுமே விட்டுக்கொடுக்கிறது. இந்தக் கற்பனைக் குழுக்களில் எது அதிகப் பலவீனமானது?

"ஜாசின் குழுதான்" என்று உடனே சொல்லத் தோன்றும். அந்தப் பதில் தவறாக இருக்கவும் வாய்ப்புண்டு. 'பலவீனமான குழு' என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் புதிய மாணவர்கள் சேரத் தயங்குவர். பயிற்சி நேரம் சுருங்கும். அடுத்த ஆண்டு குழுவே இல்லாமல் போகலாம். ஆகவே, அந்தப் பெயரைச் சூட்டுவதற்கு முன் கணக்கைச் சரியாகப் போட்டுப் பார்ப்பது அவசியம்.

ஒருவரையொருவர் சந்திக்காத குழுக்கள்

மலாக்கா மாநிலத்தில் மலாக்கா தெங்கா, அலோர் காஜா, ஜாசின் என மூன்று மாவட்டங்கள் உள்ளன. பள்ளி விளையாட்டுப் போட்டிகள் மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படிப்படியாக மேலே செல்கின்றன. மாவட்ட அளவில் தோற்ற குழுவுக்கு அடுத்த படி இல்லை. வலிமையானவர்கள்தாம் மேலே சென்று மற்ற மாவட்டத்தினரைச் சந்திக்கிறார்கள். மெர்லிமாவ் பக்கத்தில் தோற்ற குழுவும் பூலாவ் செபாங் பக்கத்தில் தோற்ற குழுவும் ஒரே திடலில் நிற்க வாய்ப்பே அமைவதில்லை.

இந்நிலையில் கோல் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டால் என்ன ஆகும்? ஜாசின் குழு தன் மூன்று ஆட்டங்களில் ஒன்றை மாவட்ட வெற்றியாளருடன் ஆடி 0-9 என்று தோற்றிருக்கலாம். மற்ற இரண்டில் விட்டுக்கொடுத்தது 5 கோல்கள்தாம். அலோர் காஜா குழுவோ தன்னைப் போன்ற எளிய குழுக்களிடமே தோற்றிருக்கலாம். எதிரணியின் வலிமை தெரியாத வரை, 14க்கும் 5க்கும் உள்ள வேறுபாடு நமக்கு அதிகம் சொல்வதில்லை.

எலோ கணக்கு

எதிரணியின் வலிமையையும் சேர்த்துக் கணக்கிடும் ஒரு முறை சதுரங்கத்திலிருந்து வந்தது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பட் எலோ அதை உருவாக்கினார். அனைத்துலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் அதை ஏற்றுக்கொண்டது. 2018 முதல் ஆண்கள் காற்பந்துக்கான ஃபிஃபா தரவரிசையும் இதே அடிப்படையில்தான் கணக்கிடப்படுகிறது.

முறை எளிது. தொடக்கத்தில் எல்லாக் குழுக்களுக்கும் 1000 புள்ளிகள். ஒவ்வோர் ஆட்டத்திற்கு முன்பும், இரு குழுக்களின் புள்ளி வேறுபாட்டைக் கொண்டு எதிர்பார்க்கப்படும் முடிவு கணிக்கப்படும். வெற்றிக்கு 1, சமநிலைக்கு 0.5, தோல்விக்கு 0. இரு குழுக்களும் சமம் என்றால் எதிர்பார்ப்பு 0.5. எதிரணி 400 புள்ளிகள் முன்னிலையில் இருந்தால், உங்கள் எதிர்பார்ப்பு ஏறக்குறைய 0.09 மட்டுமே.

ஆட்டம் முடிந்ததும், கிடைத்த முடிவிலிருந்து எதிர்பார்ப்பைக் கழித்து, அதை 20ஆல் பெருக்கினால் வருவதே புள்ளி மாற்றம். 400 புள்ளிகள் கூடுதலாக உள்ள குழுவிடம் தோற்றால் நீங்கள் இழப்பது 1.8 புள்ளி. சமமான குழுவிடம் தோற்றால் 10 புள்ளி. அந்தப் பெரிய குழுவுடன் சமநிலை கண்டால் 8.2 புள்ளி கூடும். வெற்றியாளரிடம் தோற்றதற்காக யாரும் பெரிதாகத் தண்டிக்கப்படுவதில்லை.

தீவுகளும் பாலமும்

ஆனால் இம்முறைக்கும் ஒரு குறை உண்டு. ஒரு குழு 10 புள்ளி பெற்றால் இன்னொன்று 10 புள்ளி இழக்கும். ஆகவே ஒரு மாவட்டத்துக்குள்ளேயே ஆடினால், அந்த மாவட்டத்தின் மொத்தப் புள்ளிகள் மாறவே மாறா. சராசரி எப்போதும் 1000தான். மலாக்கா தெங்காவின் எல்லாக் குழுக்களும் மற்ற மாவட்டங்களைவிட வலிமையானவை என்றாலும், கணக்கு அதைக் காட்டாது. ஜாசினில் 930 பெற்ற குழுவையும் அலோர் காஜாவில் 930 பெற்ற குழுவையும் சமம் என்று சொல்ல முடியாது. மூன்றும் மூன்று தீவுகள்.

தீவுகளை இணைக்கப் பாலம் வேண்டும். வெவ்வேறு மாவட்டக் குழுக்கள் ஆடும் சில நட்பு ஆட்டங்களே அந்தப் பாலம். மலாக்கா சிறிய மாநிலம். ஒரு சனிக்கிழமையிலேயே போய் ஆடிவிட்டு வந்துவிடலாம்.

உலக அளவில் இப்படி ஒரு பாலம் 2002இல் அமைந்தது. அப்போது ஃபிஃபா தரவரிசையில் கடைசி இரண்டு இடங்களில் இருந்தவை பூட்டானும் மொன்செராட்டும்; 202, 203ஆம் இடங்கள். ஜூன் 30ஆம் தேதி, உலகக் கிண்ண இறுதியாட்டம் யோகோஹாமாவில் நடந்த அதே நாளில், இவ்விரு குழுக்களும் பூட்டான் தலைநகர் திம்புவில் மோதின. பட்டியலில் அடுத்தடுத்து இருந்தும், பூட்டான் 4-0 என்று வென்றது. திம்பு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. சொந்தத் திடலின் சாதகமும் சேர்ந்துகொண்டது. ஆகவே ஒரே ஒரு பாலத்தை நம்பி முடிவுக்கு வரவும் கூடாது.

அதிர்ஷ்டத்தின் பங்கு

காற்பந்தில் கோல்கள் குறைவு. அதனால் தற்செயலுக்கு இடம் அதிகம். ஆட்டத்துக்குச் சராசரி 2 கோல் அடிக்கும் குழுவும் 1 கோல் அடிக்கும் குழுவும் மோதினால், நிகழ்தகவுக் கணக்குப்படி பலவீனமான குழு வெல்லும் வாய்ப்பு 18 விழுக்காடு. சமநிலைக்கு 21 விழுக்காடு. அதாவது 10 ஆட்டங்களில் ஏறக்குறைய 4இல் வலிமையான குழு வெல்லாது. மூன்றே ஆட்டங்களை வைத்து ஒரு பள்ளியை எடைபோடுவது, மூன்று முறை நாணயத்தைச் சுண்டிவிட்டு அது கோணலானது என்று முடிவுகட்டுவதைப் போன்றது.

எத்தனை பேரிலிருந்து 11 பேர்?

அடுத்துப் பள்ளியின் அளவு. 600 ஆண் மாணவர்கள் உள்ள நகரப் பள்ளி 11 பேரைத் தேர்ந்தெடுத்தால், அவர்கள் அப்பள்ளியின் தலைசிறந்த 1.8 விழுக்காட்டினர். 60 பேர் உள்ள பள்ளியில் அதே 11 பேர் 18 விழுக்காட்டினர். சிறிய பள்ளியின் 11ஆவது ஆட்டக்காரர், பெரிய பள்ளியில் 110ஆவது இடத்தில் இருப்பவருக்குச் சமம். தோட்டப்புறத்திலிருந்து வருபவர் பேருந்தைப் பிடிக்க மாலைப் பயிற்சியை விட்டுச் செல்ல நேர்ந்தால், அந்த எண்ணிக்கை இன்னும் சுருங்கும்.

இதனால் சிறியவர்களுக்கு வழியே இல்லை என்று பொருளாகாது. 2018 உலகக் கிண்ணத்தில் ஆடிய ஐஸ்லாந்தின் மக்கள் தொகை ஏறக்குறைய மூன்றரை லட்சம். மலாக்கா மாநிலத்தின் மக்கள் தொகையில் பாதிகூட இல்லை. பயிற்றுநர்களை உருவாக்குவதிலும் குளிரிலும் ஆடக்கூடிய உள்ளரங்கத் திடல்களை அமைப்பதிலும் அந்நாடு பல ஆண்டுகள் கவனம் செலுத்தியது.

நேற்றைய அளவு இன்றைக்குப் பொருந்துமா?

2001 ஏப்ரலில் அமெரிக்கச் சமோவா, ஆஸ்திரேலியாவிடம் 0-31 என்று தோற்றது. வழக்கமான ஆட்டக்காரர்களில் பலர் கடப்பிதழ்ச் சிக்கலால் ஆட முடியாமல் போக, இளையர்களே களமிறங்கினர். 2011 நவம்பரில் அதே நாடு தொங்காவை 2-1 என்று வென்றது. இரண்டு ஆட்டங்களிலும் கோல் காவலர் நிக்கி சலாப்புதான். பள்ளிக் குழுக்களோ இன்னும் வேகமாக மாறுகின்றன. ஒவ்வோர் ஆண்டும் படிவம் 5 மாணவர்கள் விடைபெற, புதியவர்கள் வருகிறார்கள். சென்ற ஆண்டின் பட்டியல் இவ்வாண்டுக் குழுவைப் பற்றிச் சொல்வது குறைவு.

உங்கள் பள்ளிக் குழுவுக்கு ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். தேதி, எதிரணி, யார் திடல், கோல்கள், இரு தரப்பின் எலோ புள்ளி ஆகியவற்றை எழுதிவாருங்கள். நட்பு ஆட்டங்களையும் விடாதீர்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன் எதிர்பார்ப்பைக் கணக்கிட்டு, முடிவை அதன் பக்கத்தில் குறியுங்கள். பத்துப் பதினைந்து ஆட்டங்கள் சேர்ந்த பின், எதிர்பார்ப்புக்கு மேல் எத்தனை முறை ஆடினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த ஆண்டுக் குழு தேவையா என்ற பேச்சு வரும்போது, ஆசிரியர் முன் வைக்க உங்களிடம் ஒரு கணக்கு இருக்கும்.