படையில் உழைத்த வண்டி வீட்டுக்கு வரும்போது

கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இயந்திரங்களின் மீது ஒரு தனிப் பற்று உண்டு. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு மனிதரை இறக்கி ஏற்றிய ஊர் அல்லவா! தந்தை சுரங்கப் பட்டறையில் திருகு முடுக்கினார். மகன் 1964-இல் தோன்றிய பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தில் மண்வாரி இயந்திரம் பூட்டினான். ஆகவே, படைத்துறை கழித்துவிட்ட வண்டி ஒன்றை வாங்கிச் செப்பனிட்டுச் சொந்தமாக வைத்துக்கொள்ளும் ஆசை நம்மவரிடையே தலைகாட்டுவதில் வியப்பில்லை.

இந்த ஆசை உலகுக்குப் புதிதுமன்று. இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்தபோது இந்திய மண்ணில் அமெரிக்கப் படையினரின் தளவாடங்கள் ஏராளமாகத் தங்கிவிட்டன. அவை பற்றி 1946 மே 16 அன்று வாஷிங்டனில் இந்திய, அமெரிக்க அரசுகள் உடன்படிக்கை செய்துகொண்டன. அசோக் மோட்டார்ஸ் பிறந்தது 1948-இல். டாடாவின் பென்ஸ் லாரிகள் வந்தது 1954-இல். இடைப்பட்ட காலத்தில் பலருடைய பிழைப்புக்குப் போர்க்கால லாரிகள் துணை நின்றன. பிலிப்பைன்ஸ் மக்கள் அமெரிக்க ஜீப்புகளை நீட்டி, கூரை வேய்ந்து, ‘ஜீப்னி’ என்னும் பயணி வண்டிகளாக மாற்றினார்கள். கானடா நாட்டுப் போர்க்கால செவ்ரலே லாரிகளின் மேல் மரக்கூடு கட்டிய பேருந்துகள் ரங்கூன் வீதிகளில் பல பத்தாண்டுகள் ஓடின. பர்மாவில் உறவினர் இருந்த குடும்பங்களில் அவற்றை நினைவுகூர்வோர் இன்றும் இருக்கலாம்.

நிற்க. நம் ஸ்கெலட்டன் பகுதிப் பெரியவர் ஒருவரின் அனுபவத்தை இங்கே சொல்வது பயன் தரும். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டபின் அவர் கையில் சிறிது தொகை இருந்தது. வட ஆர்க்காட்டுப் பக்கத்துச் சொந்த ஊருக்குப் பேரப்பிள்ளைகளோடு போய்வரவும், அங்கே விளையும் புளியையும் வேர்க்கடலையையும் ஏற்றி வரவும் ஒரு வண்டி வேண்டும் என்பது அவர் எண்ணம். நகரத்து வியாபாரி ஒருவரிடம் ஒரு டன் நிஸ்ஸான் படை லாரி மலிவாக வந்திருப்பதாக அறிந்து என்னையும் அழைத்துச் சென்றார்.

இயந்திரம் முதல் முறையிலேயே உயிர்பெற்று முழங்கியது. உடன் வந்த அவருடைய இளைய மகன் முன்பணத்தை எடுத்துவிட்டான். பெரியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “அவசரப்படாதே, அப்பா. விற்பனைச் சான்று எங்கே என்று முதலில் கேள்” என்றார். வியாபாரி காட்டியது வேறொருவர் பெயரில் இருந்த நகல் ஒன்றுதான். மூலம் பின்னால் வரும் என்றார். “பின்னால் வந்தால் நாங்களும் பின்னால் வருகிறோம்” என்று சொல்லிப் பெரியவர் திரும்பிவிட்டார்.

அன்று அவர் காத்தது தம் ஆயுட்காலச் சேமிப்பை. படை வண்டிக்குச் சாதாரணப் பதிவுப் புத்தகம் கிடையாது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, அதைக் குடிமகன் பெயரில் பதிவு செய்ய, உரிய அதிகாரிகள் 21-ஆம் படிவத்தில் வழங்கிய மூல விற்பனைச் சான்று வேண்டும். அது இல்லாத வண்டி சாலைக்கு வர இயலாத இரும்புக் குவியலே.

இன்னொரு பிழையையும் அவர் வீட்டுக்கு வந்தபின் உணர்ந்தார். சரக்கு வண்டியின் பின்தட்டில் பிள்ளைகுட்டிகளை ஏற்றிச் செல்லச் சட்டம் இடம் தராது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டும் சரக்கு வண்டிக்கு அனுமதிச் சீட்டும், எடை எதுவாயினும் தகுதிச் சான்றும் தேவை. எடை 7,500 கிலோவுக்கு மேற்பட்டால் இலகுரக வண்டிக்குரிய ஓட்டுநர் உரிமம் போதாது. ஆகவே, சக்திமான் லாரியைக் கண்டு மயங்குவோர், தமக்கு வேண்டியது சுமையா, பயணமா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

பெரியவர் ஈற்றில் வாங்கியது ஒரு ‘ஜோங்கா’. ஜபல்பூர் படைக்கலத் தொழிற்சாலையில் நிஸ்ஸான் பேட்ரோல் வண்டியின் அமைப்பைத் தழுவிச் செய்யப்பட்டது அது. நான்கு சக்கரமும் இழுக்கும். ஆறு சிலிண்டர் கொண்ட, ஏறக்குறைய நான்கு லிட்டர் கொள்ளளவுள்ள பெட்ரோல் இயந்திரம். படைத்துறைப் பலகையில் அம்புக்குறியை அடுத்து வரும் இரண்டு எண்கள், வண்டி படைக்கு வந்த ஆண்டைக் குறிக்கும். வயதை அறிய இதுவே எளிய வழி. ஏலத்தில் வாங்குவோர் ‘இருக்குமிடத்தில் இருக்கும்படியே’ என்னும் நிபந்தனையை மறத்தலாகாது. பின்னர் முறையிட வழியில்லை. கேட்ட விலையோடு வரியும், வண்டியை எடுத்துவரும் செலவும், தாமதித்தால் இடவாடகையும் சேரும்.

செப்பனிட்ட முறையும் கற்கத் தக்கது. நெடுநாள் நின்ற இயந்திரத்தை அவர் உடனே முடுக்கவில்லை. தீப்பொறிப் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு ஊறவைத்துக் கையால் சுழற்றிப் பார்த்தார். பழைய எண்ணெயை வடித்தபோது அது பால்போல் வெளுத்திருக்கவில்லை. நீர் கலக்கவில்லை என்று அறிந்து மகிழ்ந்தார். அடுத்து அவர் கைவைத்தது பிரேக்கில். “ஓடாத வண்டி யாரையும் கொல்லாது, நில்லாத வண்டி கொல்லும்” என்பது அவர் வாக்கு. பிரேக் சிலிண்டர்களின் ரப்பர்க் கிண்ணங்களும் குழாய்களும் முற்றிலும் மாற்றப்பட்டன. பெட்ரோல் தொட்டியின் துருவை நீக்கி, எலி கடித்த மின்கம்பிகளைப் புதுப்பித்தார். டயர்களின் பூ தேயாமல் இருந்தும் பக்கச்சுவரில் வெடிப்புக் கண்டதால் அவற்றையும் தள்ளினார். விலையைவிடச் செப்பம் மிகுந்த செலவு வைத்தது.

பெட்ரோல் குடிக்கும் அளவைக் கண்ட மகன் டீசல் இயந்திரம் பூட்டலாம் என்றான். பதிவு அதிகாரியின் இசைவின்றி இயந்திரத்தை மாற்றலாகாது என்று தந்தை தடுத்தார். இறுதியாகப் பச்சை வண்ணத்தைச் சுரண்டி நீலம் தீட்டினார்கள். படை வண்டிகளுக்குரிய ஆலிவ் பச்சையைப் பிறர் பூசுவதற்கு விதி தடை செய்கிறது.

இன்று வாங்க எண்ணுவோர்க்கு மேலும் ஒரு சொல். பழைய வண்டிகளுக்கான பதிவு விதிகளும் கட்டணங்களும் 2021-க்குப் பின் பெரிதும் மாறியுள்ளன. தாம் குறிவைத்த வண்டியின் வயதுக்குப் பதிவு கிடைக்குமா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே ஏலத்தில் விலை கூற வேண்டும். கன்னடத்தில் உள்ள படிவத்தைக் கண்டு மருண்டு தரகர் கையில் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த வீட்டுக் கன்னட நண்பர் அன்போடு படித்துச் சொல்வார்.

கே.ஏ. 08 என்ற எழுத்துகளோடு புதுப் பலகை மாட்டிய நாளன்று, பெரியவர் குடும்பத்தை பேத்தமங்கலம் ஏரிவரை அழைத்துச் சென்றார். நம் ஊருக்குத் தண்ணீர் தந்த ஏரி அது. கரையில் வண்டி நின்றதும் பேத்தி, “தாத்தா, ஊருக்கு எப்போது போவோம்?” என்றாள். அவர் இறங்கிச் சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தார். பிரேக் உருளைகள் சூடேறவில்லை.

“வெள்ளிக்கிழமை போவோம், அம்மா” என்றார்.