காம்ப்ளக்ஸ் வாசலில் கறுப்புத் தண்ணி! ஊருணிக்குப் போகுமுன் தடுக்க வழி உண்டு

புதுக்கோட்டை —

ஒரு மாதம் வெயில் காய்ந்தபின் திடீரென்று மழை கொட்டுகிறது. புதிதாகக் கட்டிய காம்ப்ளக்ஸ் வாசலில் நின்று பாருங்கள். முதல் கால் மணி நேரம் ஓடுவது தண்ணீரா? கறுப்புக் கஷாயம்!

மோட்டார் சைக்கிள் சொட்டிய ஆயில், டயர் தேய்ந்த தூள், டீ கப், பாக்கு எச்சில், மொட்டை மாடியில் காக்கை போட்ட எச்சம்... எல்லாம் அதில் உண்டு.

"மழைத்தண்ணிதானே, போகட்டும்" என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். போகத்தான் செய்கிறது. எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

குளத்தை நம்பிய ஊர்

வற்றாத ஆறு என்று ஒன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் கிடையாது. வானம் கொடுப்பதை ஏந்தி வைத்தால்தான் உண்டு. அதனால்தான் இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் குளம், எழுந்தால் ஊருணி. மழைத்தண்ணீர் வாரி வழியாக வந்து ஒரு குளத்தை நிரப்பிவிட்டு அடுத்த குளத்துக்குப் போகும்.

1878-ல் சமஸ்தானத்துக்குத் திவானாக வந்தவர் சேஷையா சாஸ்திரி. 1894 வரை இருந்தார். பல்லவன் குளம், புதுக்குளம் முதலிய நகரத்துக் குளங்களை அவர் காலத்தில் சீர்படுத்தினார்கள். அழகுக்காக மட்டும் அல்ல, ஊருக்கு நல்ல குடிதண்ணீர் வேண்டும் என்பதற்காக!

இப்போது காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. குளத்தை மறந்தாயிற்று. ஆனால் கடைக்குப் பின்னால் போட்டிருக்கும் போர் எதை நம்பி இருக்கிறது? அதே மழையைத்தான்.

10 சென்ட் கணக்கு

பழைய ஓட்டு வீட்டுக்கு மண் முற்றம் இருந்தது. பின்னால் கொல்லை, நாலு வாழை. அழுக்குத் தண்ணியை மண்ணே குடித்து வடிகட்டிவிடும். வீட்டை இடித்துக் கடை கட்டும்போது முதலில் போவது அந்த மண்தான். சுவர் முதல் சுவர் வரை கான்கிரீட், மிச்சம் டைல்ஸ்.

10 சென்ட் மனை என்று வைத்துக்கொள்வோம். சுமார் 405 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். ஐப்பசியில் ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 20 ஆயிரம் லிட்டர்! கோடையில் காசு கொடுத்து வாங்கினால் 12 ஆயிரம் லிட்டர் லாரி ஒன்றரை நடைக்கு மேல் ஆகும்.

இதில் அழுக்கெல்லாம் முதல் மழையோடு வந்துவிடும். தாராளமாக முதல் 2 மில்லிமீட்டரை ஒதுக்கினாலும் 800 லிட்டர்தான். 200 லிட்டர் டிரம் நாலு! அந்த நாலு டிரம்மைப் பிடித்து நிறுத்தினால் பின்னால் வருவது பெரும்பாலும் தெளிவாக வரும்.

போரில் விடாதீர்கள்!

2003-ல் தமிழ்நாடு முழுவதும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் சிலர் செய்யும் வேலை இருக்கிறதே! மாடித் தண்ணீர், வண்டி நிற்கும் இடத்துத் தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே குழாயில் சேர்த்துப் பழைய போரில் நேராக இறக்கிவிடுகிறார்கள். ஆயிலைப் பூமிக்குள் ஊற்றுவதும் இதுவும் ஒன்றுதான். நிலத்தடித் தண்ணீர் ஒருமுறை கெட்டால் பக்கத்துக் கடைக்காரர் போரும் சேர்ந்து கெடும்.

மாடித் தண்ணீர் வேறு, தரைத் தண்ணீர் வேறு. இரண்டையும் பிரிக்க வேண்டும்.

மாடிக் குழாயில் ஒரு கிளை விட்டு முதல் மழையை டிரம்முக்குத் திருப்பலாம். டிரம் நிரம்பியதும் அடுத்த தண்ணீர் தானாகவே ஜல்லி, மணல், கரி போட்ட குழிக்குப் போய்விடும்.

தரைத் தண்ணீருக்கு மூன்று அறை உள்ள தொட்டி. வாசலில் கம்பி மூடி போட்ட கால்வாய் குப்பையைத் தடுக்கும். முதல் அறையில் மண் அடியில் தங்கும். இரண்டாவது அறையின் தடுப்புச் சுவருக்கு அடியில்தான் தண்ணீர் போக வழி. ஆயில் மிதக்கும் அல்லவா? அது மேலேயே மாட்டிக்கொள்ளும். அதை வழித்து டின்னில் எடுத்து, அனுமதி பெற்ற பழைய ஆயில் வியாபாரியிடம் கொடுத்துவிடலாம். மூன்றாவது அறையிலிருந்து வரும் தண்ணீரைப் புல்லும் வெட்டிவேரும் வளர்ந்த பள்ளமான பாத்தியில் விட்டு, அப்புறம் வாரிக்கு அனுப்பலாம்.

இது புதுக் கண்டுபிடிப்பு என்று யாரும் மார்தட்ட வேண்டாம். இந்த மாவட்டத்துக் கண்மாய்களில் குமிழித் தூம்பு இருக்கிறது. ஆயிரம் ஆண்டுப் பழமை உள்ளவையும் உண்டு. அதில் தண்ணீர் போக நீரோடித் துளை, சேறு போகத் தனியாகச் சேறோடித் துளை! அன்றைக்கே பிரித்துவிட்டார்கள்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகளும் பார்த்திருப்பார்கள். அங்கே மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் பெய்யும் மழை குடிநீர்த் தேக்கத்துக்குப் போகிறது. இன்று வாய்க்காலில் விட்ட அழுக்கு நாளைக்குத் தேக்கத்தில் நிற்கும். அதனால் 2006-ல் தொடங்கிய திட்டப்படி கட்டட ஓரங்களில் செடிப்பாத்தி வைத்து மழைத்தண்ணீரை வடிகட்டுகிறார்கள்.

ஓட்டல்காரர் கவனிக்க!

எத்தனை அறை கட்டினாலும் ஓட்டல் சாம்பார் தண்ணியை மழை வாய்க்காலில் விட்டால் எல்லாம் பாழ். கொழுப்பு கட்டியாகி வாய்க்காலை அடைக்கும். அதற்குத் தனி வழி வேண்டும்.

வாசலைத் தினமும் ஓஸ் பைப் வைத்துக் கழுவுகிறவர்கள் விளக்குமாற்றை எடுக்கலாம். பெருக்கி அள்ளினால் குப்பை குப்பையாகவே போகும். கழுவினால் சாக்கடையாகப் போகும்.

கட்டட வேலை நடக்கும்போதும் இதே கதைதான். ரோட்டோரம் கொட்டிய எம்-சாண்ட், சிமெண்ட் கலவை எல்லாம் ஒரே மழையில் வாரிக்குள் இறங்கிவிடும். சுற்றி நாலு மணல் மூட்டை, மேலே ஒரு தார்ப்பாய் போதும்.

2024-ல் புதுக்கோட்டை மாநகராட்சி ஆகிவிட்டது. இடித்துக் கட்ட நினைக்கிறவர்கள் பிளான் போடும்போதே தொட்டிக்கும் பாத்திக்கும் இடம் விடச் சொல்லி இன்ஜினியரிடம் கேட்டு வாங்க வேண்டும். அப்போது செலவு நாலு வரிசை செங்கல்தான். தளம் போட்டு, டைல்ஸ் ஒட்டி, கடையையும் வாடகைக்கு விட்ட பிறகு என்றால், உடைக்கிற கூலி தனி, வாடகைக்காரர் போடுகிற சத்தம் தனி!