60 ஆயிரம் பேருக்குப் பந்தல், வந்ததோ 2.5 லட்சம்: ஹெல்த்கேர்.கவ் முடங்கியது ஏன்?

2013 அக்டோபர் 1. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ் திறந்தது. ஒரே நேரத்தில் 50-60 ஆயிரம் பேர் வருவார்கள் என்பது கணக்கு. முதல் சில நாட்களில் வந்தது சுமார் 2.5 லட்சம். முதல் நாளில் காப்பீட்டில் சேர முடிந்தவர்கள் வெறும் 6 பேர்!

'சர்வர் பத்தல, அவ்வளவுதானே?' என்று முடித்துவிட முடியாது. பதிவு செய்யாமலேயே திட்டங்களைப் பார்க்கலாம் என்றுதான் முதலில் இருந்தது. கடைசி நேரத்தில், பதிவு செய்தால்தான் பார்க்க முடியும் என்று மாற்றினார்கள். சும்மா விலை பார்க்க வந்தவர்களும் பதிவுப் பக்கத்தில் குவிந்தார்கள். கிளையண்ட்டுக்கு அது சின்ன மாற்றம். சிஸ்டத்துக்கோ மொத்த பாரமும் ஒரே வாசலில்.

சோதனைக்கு நேரம் போதாது என்று மெக்கின்சி ஆலோசகர்கள் சில மாதங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். தேதி நகரவில்லை. முழுத் தளத்தையும் சேர்த்துச் சோதிக்கக் கிடைத்தது கடைசி 2 வாரம்தான். மாதக்கணக்கில் நேரம் வேண்டும் என்பதை ஒப்பந்த நிறுவனங்கள் வெளிப்படையாகச் சொன்னது, அக்டோபர் கடைசியில் நடந்த நாடாளுமன்ற விசாரணையில்!

ஐ.டி.யில் இருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட கிளையண்ட் புதுசு இல்லை. 'ரிஸ்க் சார்' என்று மட்டும் சொன்னால் காதில் ஏறாது. 'இந்த மாற்றத்தால் பதிவுப் பக்கத்துக்கு இத்தனை மடங்கு பேர் வருவாங்க, சோதிக்க இத்தனை நாள் வேணும், தேதி மாறாதுன்னா எந்த வசதியைத் தள்ளிவைக்கலாம்?' என்று எண்ணோடு கேட்கணும். பதிலை மெயிலில் வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

பதிவில்லாமல் விலை பார்க்கும் வசதி அக்டோபரிலேயே வந்துவிட்டது. ஒரே நேரத்தில் 50 ஆயிரம் பேரைத் தளம் தாங்கும் என்று அரசு அறிவித்தது டிசம்பர் 1-ல்.