மைல் யார் கணக்கில்?

டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவது முதலாளி. பறப்பது ஊழியர். விமானக் கம்பெனி வெகுமதியாகத் தரும் ‘மைல்’ ஏறுவதோ ஊழியரின் பெயரில். அதைச் சேர்த்துவைத்து அவர் குடும்பத்தோடு ஹவாய்க்குப் போய்வந்தாலும் அமெரிக்காவில் பெரும்பாலான முதலாளிகள் கண்டுகொள்வதில்லை. அந்நாட்டு வருமான வரித் துறையும் கண்டுகொள்வதில்லை. அலுவல் பயணத்தில் சேர்ந்த மைல்களைச் சொந்தத்துக்குப் பயன்படுத்தினால் வரி கேட்டு வரமாட்டோம் என்று 2002-லேயே அறிவித்துவிட்டது.

பெரிய நிறுவனங்களுக்கு இதில் வருத்தமில்லை. ஆண்டு முழுவதற்கும் ஒப்பந்தம் போட்டு, கட்டணத்திலேயே தள்ளுபடி வாங்கிவிடுகின்றன. எட்டுப் பேர் வேலை செய்யும் உதிரிபாகக் கம்பெனிக்கு அந்தப் பேரம் படியாது. வாடிக்கையாளர் கூப்பிட்டால் மறுநாள் காலையே கிளம்ப வேண்டும். கடைசி நேர டிக்கெட், கொழுத்த கட்டணம். பயணம் தள்ளிப்போனால் அதற்கும் செலவு. அதிகம் கொடுப்பவர், பேரம் பேச முடியாதவர் என்று இரண்டும் சேர்ந்த வாடிக்கையாளர் இவர். விமானக் கம்பெனிகள் இவருக்கென்று தனியாக ஒரு வெகுமதித் திட்டம் வைத்திருந்ததில் ஆச்சரியம் இல்லை.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நடத்திய அந்தத் திட்டத்தின் பெயர் ‘பிசினஸ் எக்ஸ்ட்ரா’. ஊழியருக்குச் சேரும் மைல் அப்படியே சேரும். அதுபோக, டிக்கெட்டுக்குச் செலவாகும் ஒவ்வொரு 5 டாலருக்கும் கம்பெனியின் கணக்கில் ஒரு பாயின்ட் விழும். டிக்கெட்டை யாரிடம் எடுத்தாலும் கம்பெனியின் எண்ணைச் சேர்த்துவிட்டால் போதும். அந்தப் பாயின்ட்டுகளைக் கொண்டு இலவச டிக்கெட் எடுக்கலாம், உயர்வகுப்பு இருக்கை வாங்கலாம், நன்றாக உழைத்த ஒருவருக்கு, அடிக்கடி பறப்பவருக்குக் கிடைக்கும் ‘கோல்டு’ அந்தஸ்தைப் பரிசாகவும் கொடுக்கலாம். ஆரவாரமில்லாத, பழைய பாணித் திட்டம். 2023 இறுதியில் அதை ஓரங்கட்டிவிட்டு ‘அட்வான்டேஜ் பிசினஸ்’ வந்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் புதியது தாராளமாகத்தான் தெரிகிறது. கம்பெனிக்கு டாலருக்கு ஒரு மைல். பறக்கிறவருக்கு, வழக்கமாகக் கிடைப்பதற்கு மேல் டாலருக்கு ஒரு ‘லாயல்டி பாயின்ட்’. 2022 முதல் அமெரிக்கனில் ஒருவருடைய அந்தஸ்தைத் தீர்மானிப்பது இந்த லாயல்டி பாயின்ட்தான். கோல்டு ஆவதற்கு 40,000 வேண்டும். சாதாரண உறுப்பினருக்கு, வரி நீங்கலான கட்டணத்தில் டாலருக்கு 5 கிடைக்கிறது. ஆக 8,000 டாலர் செலவழித்தால்தான் கோல்டு. கம்பெனி புதிய திட்டத்தில் இருந்தால் டாலருக்கு 6. சுமார் 6,670 டாலரிலேயே எட்டிவிடலாம். அடிக்கடி பறக்கும் விற்பனைப் பிரதிநிதி முதலாளியிடம் போய், “சார், இதில் நம்ம கம்பெனியைச் சேர்த்துவிடுங்கள்” என்று நச்சரிக்காமல் இருப்பாரா? செலவைத் தீர்மானிக்கிறவரை மயக்க, செலவழிக்கிறவரையே தூது அனுப்புகிற ஏற்பாடு. கெட்டிக்காரத்தனம்தான், மறுப்பதற்கில்லை.

விஷயம் நிபந்தனைகளில் இருக்கிறது. திட்டம் தொடங்கியபோது, கம்பெனி தன் மைல்களின் பலனைப் பெற ஆண்டுக்கு 5,000 டாலர் செலவு காட்ட வேண்டும், குறைந்தது ஐந்து பேர் பறந்திருக்கவும் வேண்டும் என்றார்கள். ஐயாயிரம் டாலர் பெரிய தொகையல்ல. ஐந்து பேர் என்பதுதான் உதைத்தது. அமெரிக்க அரசின் சிறுதொழில் நிர்வாகம் தரும் கணக்கின்படி, அந்நாட்டின் சிறுதொழில்களில் சுமார் ஐந்தில் நான்கு, சம்பளத்துக்கு ஒருவர்கூட இல்லாத தனியாள் தொழில்கள். மாதம் இருமுறை பறக்கும் ஆலோசகர், தம்பதியாக நடத்தும் வடிவமைப்பு நிறுவனம் எல்லாம் தொழில்தான். ஆனால் இந்தத் திட்டத்தின் கண்ணில் படாத தொழில்கள். சிறுதொழிலுக்கான திட்டம் என்று விளம்பரம் செய்துவிட்டு, சிறுதொழில்களில் மிகப் பெரும்பாலானவற்றை வாசலிலேயே நிறுத்தியது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

இதைவிட முக்கியமான இன்னொரு நிபந்தனை: மைல் வேண்டுமென்றால் டிக்கெட்டை அமெரிக்கனின் இணையதளத்திலோ செயலியிலோ நேரடியாக எடுக்க வேண்டியிருந்தது. டிராவல் ஏஜென்ட் மூலம் எடுத்தால் கம்பெனிக்கு அப்போது ஒன்றும் கிடைக்கவில்லை. பழைய திட்டம், விசுவாசத்துக்கு நன்றி சொன்னது. புதியது, எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது.

அமெரிக்கன் அப்போது ஏஜென்ட்டுகளோடு ஒரு யுத்தத்தில் இருந்தது. 2023 ஏப்ரலில், ஏஜென்ட்டுகள் காலங்காலமாகப் பயன்படுத்திய முன்பதிவு வலையமைப்பிலிருந்து தன் கட்டணங்களில் சுமார் 40 சதவிகிதத்தை எடுத்துவிட்டது. கார்ப்பரேட் விற்பனைப் பிரிவில் ஆட்களைக் குறைத்தது. 2024 பிப்ரவரியில், மே மாதத்திலிருந்து நேரடியாகவோ தான் அங்கீகரித்த ஏஜென்ட்டுகளிடமோ டிக்கெட் எடுத்தால்தான் மைல் கிடைக்கும் என்று பயணிகளுக்கும் அறிவித்தது. இடைத்தரகர் செலவு மிச்சம், வாடிக்கையாளரின் விவரமும் கைக்குள் என்பது கணக்கு.

கணக்கு தப்பியது. இரவு பதினொரு மணிக்கு விமானம் ரத்தானால் சிறு கம்பெனிக்காரர் கூப்பிடுவது ஏஜென்ட்டைத்தான், செயலியை அல்ல. அந்த ஏஜென்ட் கைகாட்டும் போட்டிக் கம்பெனிகளான டெல்டாவிலும் யுனைடெட்டிலும் ஏறுவதற்கு அவருக்கு என்ன தயக்கம்? அலுவல் பயணிகள் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். மைல் கட்டுப்பாட்டை 2024 மே இறுதியில் அமெரிக்கன் கைவிட்டது. இந்த உத்தியை முன்னின்று நடத்திய தலைமை வணிக அதிகாரி வாசு ராஜா வெளியேறினார். அந்த ஆண்டு வருமானத்தில் சுமார் 150 கோடி டாலர் அடிபடும் என்று கம்பெனியே சொன்னது. ஒப்பந்தம் போடும் அளவுக்குப் பெரியவர்களாக இல்லாத வாடிக்கையாளர்களும் சேர்ந்துதான் அந்த அடியைக் கொடுத்தார்கள்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்டால், மைல் இப்போது பயணிக்குத் தரும் பரிசாக மட்டும் இல்லை. 1981 மே 1-ல் அமெரிக்கனின் மைல் திட்டமான அட்வான்டேஜ் தொடங்கியபோது, அரசு கட்டணக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய பிறகு மூண்ட போட்டியில் பயணியைப் பிடித்துவைக்கும் வழியாக அது இருந்தது. பறந்த தூரத்துக்கு மைல். 2016-ல் தூரம் போய்ச் செலவு அளவுகோலானது. 2021-ல், கொரோனாவில் தத்தளித்த அமெரிக்கன், அட்வான்டேஜ் திட்டத்தை ஈடு வைத்து 1,000 கோடி டாலர் கடன் வாங்கியது. 2024-ல் கிரெடிட் கார்டு வங்கிகளும் மற்ற கூட்டாளிகளும் மைலுக்காகக் கொடுத்த ரொக்கம் மட்டும் 610 கோடி டாலர். சிட்டி வங்கியின் பிசினஸ் கார்டில் சேரும் மைல்களையும் கம்பெனியின் அட்வான்டேஜ் பிசினஸ் கணக்குக்கே திருப்பிவிட்டிருக்கிறார்கள். அலுவலகத்துக்குக் காகிதம் வாங்கினாலும் மைல்தான். டெல்டாவும் சும்மா இருக்கவில்லை. தன் பழைய ‘ஸ்கைபோனஸ்’ திட்டத்தை மூடிவிட்டு, சிறுதொழில்களுக்குப் புதிய ஒன்றைத் தொடங்கியது.

சரி, கம்பெனிக்கு என்ன மிஞ்சும்? 5,000 டாலர் செலவுக்கு 5,000 மைல். அமெரிக்கப் பயண எழுத்தாளர்கள் ஒரு மைலுக்குப் பொதுவாகப் போடும் மதிப்பு ஒன்றரை சென்ட். ஆக 75 டாலர். எத்தனை மைலுக்கு எந்த டிக்கெட் என்பதை விமானக் கம்பெனி அன்றன்றைக்கு மாற்றிக்கொள்ளும் என்பதால் அதுவும் உறுதியில்லை. நல்ல ஏஜென்ட் ஒருவர், தவறிப்போன ஒரே ஒரு இணைப்பு விமானத்துக்கு மாற்று ஏற்பாடு செய்துகொடுத்தால், மிச்சமாகும் ஓர் இரவு ஹோட்டல் வாடகை அதைவிட அதிகம்.