பத்துக் கேள்வியில் தறி இல்லை
குழந்தைப் பருவத் துன்பத்தை ஆய்வாளர்கள் எப்படி அளக்கிறார்கள்?

போன மாசம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு லிங்க் வந்தது. ‘உங்கள் குழந்தைப் பருவக் காயம் எவ்வளவு? பத்தே கேள்வி, இரண்டே நிமிடம்!’ உங்களுக்கும் வந்திருக்கலாம். ஓரிக்கையில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு அந்த லிங்க் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது, “என்ன கண்ணு இது, படிச்சுச் சொல்லு” என்று போனை நீட்டினார்.

படித்தேன். வீட்டில் யாராவது குடித்தார்களா? யாராவது சிறைக்குப் போனார்களா? அப்பாவும் அம்மாவும் பிரிந்தார்களா? எல்லாவற்றுக்கும் “இல்ல” என்றார். அடி விழுந்ததா என்றபோது மட்டும் கொஞ்சம் யோசித்தார். “அடிச்சாங்கதான். அதெல்லாம் வளர்க்கறதுல சேர்த்தி. இல்லன்னே போடு.” கடைசியில் திரையில் வந்த எண்: பூஜ்ஜியம். அதாவது, துன்பமே இல்லாத குழந்தைப் பருவம்.

பெரியப்பா எட்டு வயதில் தறிக்குழி ஓரம் உட்கார்ந்தவர். கோர்வைச் சேலை நெய்ய இரண்டு ஆள் வேண்டும். உடலையும் ஒரு பக்கக் கரையையும் நெசவாளர் பார்த்துக்கொள்ள, மறுபக்கக் கரைக்கு நாடா தள்ள ஒரு துணை ஆள். அந்தக் காலத்தில் பல வீடுகளில் அந்தத் துணை ஆள் ஒரு பிள்ளை. பெரியப்பா உட்கார்ந்தது சொந்த வீட்டுத் தறியில் இல்லை. தாத்தா வாங்கிய அட்வான்ஸுக்காக வேறொருவர் தறியில். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. பத்துக் கேள்வியில் இது எங்கேயும் வரவில்லை.

அவருக்கு இதில் வருத்தம் ஒன்றுமில்லை. எனக்குத்தான் உறுத்தியது. அந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்தேன்.

பத்துக் கேள்வியின் பூர்வீகம்

அமெரிக்காவில் சான் டியாகோ நகரில் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் இருக்கிறது. அங்கே உடல் எடை குறைப்பு மையம் நடத்தியவர் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற டாக்டர். 1980-களில் அவருக்கு ஒரு புதிர். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோனார்கள். உட்கார்ந்து பேசிப் பார்த்ததில், அவர்களில் பலர் சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. பிறகு அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையத்தைச் சேர்ந்த ராபர்ட் ஆண்டாவுடன் சேர்ந்து 1995 முதல் 1997 வரை 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார்கள். முதல் முடிவுகள் 1998-ல் வெளிவந்தன. குழந்தைப் பருவப் பாதக அனுபவங்கள் என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதை ‘ஏஸ்’ ஆய்வு என்கிறார்கள்.

முறை ரொம்ப எளிது. அடி, வசவு, பாலியல் கொடுமை, பராமரிப்பின்மை, தாய் அடிபடுவதைப் பார்த்தது, வீட்டில் குடி என்று வகை வகையாகக் கேட்பார்கள். ஒரு வகைக்கு ‘ஆம்’ என்றால் ஒரு மதிப்பெண், அவ்வளவுதான். முதல் கட்டுரையில் ஏழு வகை, பிறகு பத்து ஆனது. நான்கு அல்லது அதற்கு மேல் மதிப்பெண் பெற்றவர்களுக்குக் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து, மதிப்பெண்ணே இல்லாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு வரை அதிகமாக இருந்தது. சின்ன வயதில் நடந்தது ஐம்பது வயது உடம்பில் தெரிகிறது என்பதை இவ்வளவு பெரிய கணக்கில் காட்டியது அந்த ஆய்வுதான். அதன் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் பதில் சொன்னவர்கள் யார் என்று பாருங்கள். காப்பீடு உள்ள நடுத்தர வர்க்க அமெரிக்கர்கள், பெரும்பாலும் கல்லூரி வாசல் மிதித்தவர்கள். வறுமை, கடன், வேலைக்குப் போன பிள்ளை, சாதிப் பெயர் சொல்லித் திட்டு வாங்கிய பிள்ளை, இதெல்லாம் அந்தப் பத்தில் வராததில் ஆச்சரியம் இல்லை.

இன்னொன்று முக்கியம். இந்த எண் ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கான எண், தனி மனிதரைப் பற்றிச் சொல்வதற்கு அல்ல. ஒரே ஒரு முறை நடந்ததும் பத்து வருஷம் தினம் நடந்ததும் இதில் ஒரே ‘ஒன்று’தான். எந்த வயதில் நடந்தது, பக்கத்தில் அணைத்துக்கொள்ள ஒரு பாட்டி இருந்தாரா என்பதெல்லாம் கணக்கில் இல்லை. 2020-ல் ராபர்ட் ஆண்டாவே சக ஆய்வாளர்களோடு சேர்ந்து இதை எழுத்தில் வைத்தார்: தனி ஒருவரின் ஆபத்தைக் கணிக்கவோ, அவருக்கு என்ன சிகிச்சை என்று முடிவு செய்யவோ இந்த மதிப்பெண்ணைப் பயன்படுத்தக் கூடாது. கேள்வித்தாளை உருவாக்கியவரே சொன்ன பிறகும் அந்த லிங்க் மட்டும் ஊர் சுற்றுகிறது.

அப்படியானால் சரியாகக் கேட்பது எப்படி?

பெரியப்பாவின் ‘இல்லன்னே போடு’வுக்குத் திரும்பி வருவோம். “உங்களைக் கொடுமைப்படுத்தினார்களா?” என்று கேட்டால் நம்ம ஊரில் பாதிப் பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள். அடி என்பது கண்டிப்பு, கண்டிப்பு என்பது பாசம். அதனால் அனுபவமுள்ள ஆய்வாளர்கள் பெயர் வைத்துக் கேட்பதில்லை, நடந்ததைக் கேட்கிறார்கள். கையால் அடித்தார்களா, பெல்ட்டாலா? தழும்பு விழுந்ததா? எத்தனை தடவை? அது கொடுமையா இல்லையா என்ற தீர்ப்பை, பதில் சொல்பவர் தலையில் சுமத்துவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் மற்ற நாடுகளுக்காகத் தயாரித்த கேள்வித்தாளில் ‘ஒரு தடவை, சில தடவை, பல தடவை’ என்று அளவும் கேட்கிறார்கள். பிள்ளைகளுக்குள் நடக்கும் மிரட்டல், தெருவில் நடக்கும் வன்முறை, கலவரம், போர் ஆகியவையும் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் முன்னின்று, இந்தியாவின் ஏழு மையங்களில் 6 முதல் 23 வயது வரையிலான 9,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த சிவேடா ஆய்வில் பயன்படுத்தியது இந்தக் கேள்வித்தாளைத்தான்.

தறிக்கு என்ன வழி? வீட்டில் ஒரு மணி நேரம் நூல் சுற்றிக் கொடுத்த பிள்ளையும், கடனுக்கு ஈடாக உட்கார்ந்த பிள்ளையும் ஒன்றல்ல. “சின்ன வயசுல வேலை செஞ்சீங்களா?” என்று மட்டும் கேட்டால் இரண்டும் ஒரே பதிலில் கலந்துவிடும். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், பள்ளிக்கூடம் நின்றதா, கூலி யார் கையில் போனது, வேண்டாம் என்று எழுந்து வர முடிந்ததா? இந்த நான்கையும் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, கர்நாடகம், உத்தரப் பிரதேசம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. காஞ்சிபுரமும் அதில் வருகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது முப்பது, நாற்பது வயது இருக்கும். எந்தக் கேள்வித்தாள் அவர்களிடம் போகிறது என்பதில்தான் அவர்கள் கணக்கில் வருவதும் வராததும் இருக்கிறது.

வேலை செய்யும் குழந்தைகளைத் தனிப் பிரிவாக எடுத்துக்கொண்ட ஆய்வும் நம் நாட்டில் உண்டு. மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகள். பள்ளிப் பிள்ளைகள், பள்ளிக்குப் போகாமல் வீட்டில் இருப்பவர்கள், விடுதி மற்றும் இல்லங்களில் இருப்பவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், தெருவில் வாழ்பவர்கள் என்று ஐந்து பிரிவு. மூன்றில் இரண்டு குழந்தைகள் உடல்ரீதியான கொடுமையைச் சந்தித்திருந்தார்கள். 53.22 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகைப் பாலியல் அத்துமீறலைச் சொன்னார்கள். அந்தப் 13 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை.

தமிழிலேயே கேட்டுத் தமிழிலேயே பதில் வாங்கிய ஒரு ஆய்வு கடல் தாண்டி நடந்தது. போரும் சுனாமியும் அடுத்தடுத்துத் தாக்கிய இலங்கையின் வடகிழக்கில், 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் நேரில் பேசினார்கள். 2008-ல் முடிவு வெளியானது. போர் தொடர்பான ஒரு சம்பவத்தையாவது சந்தித்தவர்கள் 82.4 சதவீதம். வீட்டுக்குள் நடந்த வன்முறையைச் சொன்னவர்கள் 95.6 சதவீதம். போர் நடந்த மண்ணிலும் வீடுதான் முன்னால் நிற்கிறது. தந்தையின் குடியும், அந்தக் குடும்பம் பார்த்த போரும் கூடக்கூட, பிள்ளை மேல் விழுந்த அடியும் கூடியது என்று கண்டார்கள்.

இதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனக்கோளாறு இருந்தவர்கள் 30.4 சதவீதம். வீட்டு வன்முறையைச் சொன்னவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல், முப்பது பேரிடம் நோய். நடந்தது வேறு, அதனால் உள்ளே உண்டான காயம் வேறு. அதனால் காயத்தை அளக்கத் தனிக் கேள்விகள் வைத்திருக்கிறார்கள்: கெட்ட கனவு வருகிறதா, அந்த இடத்தைத் தவிர்க்கிறாயா, சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடுகிறதா, படிப்பில் கவனம் இருக்கிறதா? தலைமுடியில் தேங்கும் கார்டிசால் என்ற ஹார்மோனை அளப்பவர்களும் உண்டு. ஆனால் முடி, என்ன நடந்தது என்று சொல்லாது.

ஞாபகத்தை நம்பலாமா?

இது நானும் கேட்ட கேள்வி. பெரியவர்களைக் கூப்பிட்டு முப்பது வருஷத்துக்கு முந்தைய கதையைக் கேட்பது ஒரு முறை. குழந்தையாக இருக்கும்போதே தொடங்கி வருஷக்கணக்கில் பின்தொடர்வது இன்னொரு முறை. நியூசிலாந்தின் டுனிடின் நகரில் 1972-73-ல் பிறந்த 1,037 பேரை இப்படித்தான் பின்தொடர்கிறார்கள். இரண்டு முறையையும் ஒப்பிட்ட 16 ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் ஒரு கட்டுரை வந்தது. சிறு வயதிலேயே கொடுமை பதிவானவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், பெரியவர்களான பிறகு அதைச் சொல்லவில்லை. பெரியவர்களாகச் சொன்னவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சிறு வயதுப் பதிவு இல்லை. யாரோ பொய் சொல்கிறார்கள் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டுக்குள் நடப்பது பதிவேட்டுக்கு வருவதில்லை. மறப்பதும், சொல்ல விரும்பாததும் உண்டு. இரண்டு முறையும் இரண்டு வேறு கூட்டத்தைப் பிடிக்கின்றன, அவ்வளவுதான்.

உங்கள் வாசலுக்கு வந்தால்

இப்படி ஒரு கணக்கெடுப்புக்கு யாராவது உங்கள் வீட்டுக்கோ, பிள்ளையின் பள்ளிக்கோ வந்தால், எந்த நிறுவனம், நெறிமுறைக் குழு ஒப்புதல் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், 7 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் சம்மதமும் வேண்டும். எந்தக் கேள்விக்கும் ‘பதில் சொல்ல விருப்பமில்லை’ என்று சொல்லலாம். பாதியில் எழுந்தும் போகலாம். பேசியதில் மனசு கலங்கினால் அடுத்து யாரிடம் போவது என்ற தகவலையும் அவர்கள் தர வேண்டும். வாட்ஸ்அப் லிங்க்கில் இது எதுவும் கிடையாது. நீங்கள் தட்டிய பதில் எங்கே போகிறது என்றுகூடத் தெரியாது.

ஒரு குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளாவது தெரியவந்தால், ஆய்வாளரானாலும் பக்கத்து வீட்டுக்காரரானாலும் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012 போக்சோ சட்டப்படி கடமை. ஒரு குழந்தைக்கு உதவி தேவை என்றால் 1098. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், குழந்தையே அழைக்கலாம். பழைய விஷயம் இப்போது உங்களைத் தூங்கவிடவில்லை என்றால் டெலி மானஸ் எண் 14416. தமிழில் பேசலாம், மதிப்பெண் எதுவும் கேட்க மாட்டார்கள்.

பெரியப்பாவிடம் அந்த நான்கு கேள்விகளையும் கேட்டுப் பார்த்தேன். முதல் மூன்றுக்குச் சட்டென்று பதில் வந்தது. நான்காவதற்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. “எழுந்து வர்றதா? அப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்கு அப்ப தெரியாது கண்ணு” என்றார்.