இணையக் குற்றச்சாட்டும் சட்டத்தரணியைத் தேடுதலும்

குற்றஞ் சாட்டப்பட்ட எவரும் தகுதிவாய்ந்த நீதிமன்றத்தில் நேரடியாகவோ சட்டத்தரணி மூலமாகவோ தம் பக்கத்தை எடுத்துரைக்க உரித்துடையவர் என்பது எமது அரசியலமைப்பின் 13(3) ஆம் உறுப்புரை. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 260 ஆம் பிரிவும் இதனை உறுதிசெய்கின்றது. ஆகவே, உரிமை உண்டா என்பதன்று வினா. அதனைப் பயன்படுத்துவதற்கு வேண்டிய பணமும் அறிவும் மொழியும் யார் கையில் உள்ளன என்பதே வினா. இணையம் தொடர்பான குற்றச்சாட்டுகளில் இவ்வினா புதியதொரு கூர்மையைப் பெறுகின்றது.

எழுத்துலகம் நன்கறிந்த வழக்கொன்றிலிருந்து தொடங்கலாம். சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார தாம் எழுதிய சிறுகதையொன்றை 2019 இல் முகநூலில் வெளியிட்டார். பிக்குமார் முறையிட்டனர். ஏப்பிரல் 1 ஆம் திகதி அவர் கைதானார். குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் மீதான சர்வதேச சமவாயச் சட்டம் அவர்மீது பிரயோகிக்கப்பட்டது. ஓகஸ்ட் மாதத்திலேயே அவருக்குப் பிணை கிடைத்தது. 2021 பெப்ரவரியில் அவர் விடுவிக்கப்பட்டார். வழக்கே விசாரிக்கப்படாத ஒருவர் நான்கு மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். மனித உரிமையின் பேரால் ஆக்கப்பட்ட சட்டம் கதையாசிரியனைச் சிறையிலிட்டது என்ற முரண்நகை பலராலும் பேசப்பட்டது. ஆனால் அவர் ஏன் அத்துணை காலம் உள்ளே இருக்க நேர்ந்தது என்பது போதியளவு பேசப்படவில்லை.

விடை 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கமான அச்சட்டத்தின் 3 ஆம் பிரிவிலேயே உள்ளது. இன, மதப் பகையைத் தூண்டியதாகக் குற்றஞ் சாட்டப்படுபவருக்கு மேல் நீதிமன்றம் மட்டுமே, அதுவும் விதிவிலக்கான சூழ்நிலைகளில் மட்டுமே, பிணை வழங்கலாம். நீதவானுக்கு அதிகாரம் இல்லை. எனவே கைதான அன்று பொலிஸார் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவைக் குறிப்பிடுகின்றனர் என்பதே அடுத்த பல மாதங்களின் கதியைத் தீர்மானிக்கின்றது. நீதவானிடம் சமர்ப்பிக்கப்படும் 'பீ' அறிக்கையின் பிரதியைப் பெற்று, அதிற் கூறப்பட்ட நிகழ்வுகள் அப்பிரிவின் கீழ் வருமா என்று முதல் நாளிலேயே வாதிடக்கூடியவரே தேவைப்படுகிறார். கைதானவரை 24 மணித்தியாலங்களுக்குள் நீதவான்முன் நிறுத்தவேண்டும் என்பது பொது விதி. சட்டத்தரணியைத் தேடுவதற்குக் குடும்பத்தினருக்குக் கிடைக்கும் அவகாசமும் ஏறக்குறைய அவ்வளவுதான். இத்தகைய பிணை மனுவை மேல் நீதிமன்றத்தில் முன்பு தாக்கல் செய்துள்ளாரா என்பதே அவரிடம் கேட்கவேண்டிய முதற் கேள்வி.

2020 ஏப்பிரலில், ஊரடங்குக் காலத்தில், முகநூற் பதிவொன்றுக்காகக் கைதான றம்சி றாசிக்கின் அனுபவமும் இத்தகையதே. ஐந்து மாதங்களின் பின்னரே அவருக்குப் பிணை கிடைத்தது. அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 நவம்பரில். நீதி வந்தது; சிறைவாசம் அதற்கு மூன்றாண்டு முந்திவிட்டது.

அடுத்தது சான்று பற்றியது. இதனைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். கணினியிலிருந்து பெறப்படும் சான்றினை முன்னர் ஒழுங்குசெய்தது 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம். அச்சட்டத்தின்படி, அத்தகைய சான்றை முன்வைப்பவர் விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன் எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் வேண்டும். எதிர்த்தரப்பு அச்சான்றையும் அதனை ஆக்கிய இயந்திரத்தையும் பரிசோதிக்கக் கோரலாம். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டமோ, தன் எல்லைக்குட்பட்ட ஆவணங்களுக்கு அவ்வேற்பாடுகள் பொருந்தா என்றது. அத்துடன், இலத்திரனியல் ஆவணமொன்றில் உள்ள தகவல் உண்மையென்றும், யார் ஆக்கியதாகத் தோன்றுகின்றதோ அவரே அதனை ஆக்கினார் என்றும், மாறாக நிரூபிக்கப்படும்வரை நீதிமன்றம் ஊகிக்கவேண்டும் என்றும் அதன் 21 ஆம் பிரிவு விதித்தது. வணிக ஒப்பந்தங்களுக்கு இது வசதியானது. மூலதனத்தின் விரைவான சுழற்சிக்கு ஆவணத்தின்மீது ஐயங்கொள்ளாமை தேவைப்படுகின்றது. ஆனால் இவ்வூகம் குற்றவியல் மன்றினுள் நுழையுமாயின், நிரூபிக்கும் சுமை அரசிடமிருந்து குற்றஞ் சாட்டப்பட்டவரின் தோளுக்கு நகரும் அபாயம் தோன்றுகின்றது. தொலைபேசித் திரையின் படமொன்றை எவரும் திருத்தலாம். இணைய முகவரி ஓர் இணைப்பைக் காட்டுமேயன்றி, அவ்விணைப்பைப் பயன்படுத்திய ஆளைக் காட்டாது. ஒரே கைத்தொலைபேசியைக் குடும்பம் முழுவதும் கையாளும் வீடுகள் எம்மிடையே பல.

வழக்குரை காதையை இவ்விடத்தில் நினைவுகூர்தல் பொருந்தும். பொற்கொல்லனின் சொல்லும் சிலம்பின் புறத்தோற்றமும் பாண்டியனுக்குப் போதுமாயின. உள்ளே இருப்பது முத்தா மணியா என்ற கேள்வி, கோவலன் கொலையுண்ட பின்னரே கண்ணகியால் எழுப்பப்பட்டது. சிலம்பை உடைத்துப் பார்க்கக் கேட்பதே இன்றைய எதிரிதரப்புச் சட்டத்தரணியின் முதற்பணி. எனவே சட்டத்தரணியிடம் கேட்கவேண்டிய இரண்டாவது கேள்வி, இலத்திரனியற் சான்றை ஆராயக்கூடிய சுயாதீன நிபுணர் எவரையேனும் அறிவாரா என்பதாகும். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், பொலிஸாருக்கு உதவும் நிபுணர்களை நியமிக்க அமைச்சருக்கு அதிகாரமளிக்கின்றது. குற்றஞ் சாட்டப்பட்டவருக்கு அவ்வாறான நிபுணரை எவரும் நியமிப்பதில்லை. தம் செலவில் அவரே தேடிக்கொள்ளவேண்டும். எனினும் அதே சட்டம், கைப்பற்றப்பட்ட பொருள்களினதும் தரவுகளினதும் முழுப் பட்டியலைத் திகதியும் நேரமும் குறித்துக் கொடுக்குமாறு பொலிஸாரைப் பணிக்கின்றது. தரவின் பிரதியைக் கேட்கவும் இடமளிக்கின்றது. இதனைக் கேட்டுப் பெறாத சட்டத்தரணி அரைவழக்கைத் தொடக்கத்திலேயே இழந்துவிடுகிறார் எனலாம். பொலிஸாரிடம் அளித்த குற்ற ஒப்புதல் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி ஏற்கப்படாது என்று பலர் ஆறுதலடைவர். தொலைபேசியினுள் இருப்பவை ஒப்புதல் வாக்குமூலங்கள் அல்ல என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் கருத்து, சந்தையில் பண்ட உடைமையாளர் அனைவரும் சமம் என்பதன் நிழலே என்று சோவியத் சட்ட அறிஞர் பசுக்கானிஸ் 1924 இல் வாதிட்டார். அதற்கு உதாரணம் தேடித் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. அப்புக்காத்து, பிறக்கிராசி என்னும் வேறுபாட்டை 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் நீக்கியது. ஆயினும் பெருவழக்குகளில் சிரேட்டர், கனிட்டர், அறிவுறுத்துபவர் என்ற படிநிலை இன்றும் வழக்கிலுண்டு. ஒவ்வொரு தவணைக்கும் கட்டணம் செலுத்தும் வழக்கமும் பரவலாக உண்டு. அரச பகுப்பாய்வறிக்கை வரவில்லையென வழக்கு ஒத்திவைக்கப்படும்போது, அத்தாமதத்துக்கான விலையைக் குற்றஞ் சாட்டப்பட்டவரின் குடும்பமே செலுத்துகின்றது. எனவே மொத்தக் கட்டணம் எவ்வளவு, ஒத்திவைப்புக்கும் பணம் கொடுக்கவேண்டுமா, நீதிமன்றில் உண்மையில் தோன்றப்போகிறவர் யார் என்பவற்றை முற்கூட்டியே பேசிக்கொள்வதில் வெட்கப்பட எதுவுமில்லை.

1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை வசதியற்றோர் நாடலாம். மேல் நீதிமன்றில் குற்றப்பத்திரம் கையளிக்கப்படும்போது சட்டத்தரணி இல்லாதவருக்கு ஒருவரை நியமிக்கும் ஏற்பாடும் உண்டு. ஆனால் அந்நாள் வருவதற்குள் தொலைபேசி திறக்கப்பட்டிருக்கும், வாக்குமூலமும் ஒப்பமிடப்பட்டிருக்கும்.

முற்போக்காளர் ஒரு விடயத்தைச் சிந்திக்கவேண்டும். எழுத்தாளர் கைதாகும்போது நாம் அறிக்கை விடுகிறோம். ஊதியமின்றித் தோன்றச் சட்டத்தரணிகளும் முன்வருகின்றனர். இது வரவேற்கத்தக்கது. ஆயின் சில ஆயிரம் ரூபாவுக்குத் தன் வங்கிக் கணக்கை அறிமுகமற்ற ஒருவர் பயன்படுத்த இடமளித்து, மோசடி வழக்கில் சிக்கும் வேலையற்ற இளைஞனுக்காக எவரும் கையொப்பம் திரட்டுவதில்லை. மோசடியின் சூத்திரதாரி பிடிபடாது தப்புவதும், கணக்குக்கு உரியவன் கூண்டில் நிற்பதும் தற்செயலன்று. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைக் கருத்துச் சுதந்திரப் பிரச்சினையாக மாத்திரம் நாம் நோக்கியமையும் இக்குறைபாட்டின் இன்னொரு வெளிப்பாடே.

இறுதியாக மொழி. வடக்கு, கிழக்கு அல்லது மலையகத்து இளைஞர் கொழும்பிலுள்ள குற்றப் புலனாய்வுத் திணைக்களத்துக்கு அழைக்கப்படும்போது வாக்குமூலம் பெரும்பாலும் சிங்களத்திலேயே எழுதப்படுகின்றது. பதிவொன்றின் தமிழ்ச் சொல், மொழிபெயர்ப்பில் வேறொரு பொருளையும் தொனியையும் பெறலாம். அம்மொழிபெயர்ப்பே பின்னர் சான்றாகிவிடும். நீதிமன்றில் மொழிபெயர்ப்பைப் பெறும் உரித்து அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரையில் உண்டு. ஆகவே தெரிவுசெய்யப்படும் சட்டத்தரணி மூலப்பதிவைத் தமிழிலேயே வாசிக்கக்கூடியவராக இருத்தல் வேண்டும். அல்லது தமிழறிந்த கனிட்டர் ஒருவரையேனும் உடன்வைத்திருத்தல் வேண்டும். வாசித்து விளக்கப்படாத வாக்குமூலத்தில் ஒப்பமிடுதல் கூடாது என்பதை அழைப்பு வந்த அன்றே, பேருந்தில் ஏறுமுன், அவ்விளைஞருக்குச் சொல்லிவைத்தல் வேண்டும்.